அறுபத்தொண்ணுல நிக்கிற டேப்பு

முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு சதவீதம்தான் ஓடியிருக்கு, அதுக்குள்ள எனக்கு உள்ளங்கை வேர்த்துப்போச்சு. பதினெட்டு டிகிரி ஏசில ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறவளுக்கு வேர்க்குதுன்னா பாத்துக்கிடுங்க எந்த லெச்சணத்துல இருக்கேன்னு. மணி பத்து அம்பது. பன்னெண்டுக்கு சந்தியாகு அண்ணன ஆபரேஷன் தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போயிருவாவ. அதுக்குள்ள இந்த டேப்பு, ஆறு வருசத்துக்கு முந்தி எடுத்த அவரோட நெஞ்சு ஸ்கேன கக்கணும். கக்கும். கக்காம எங்க போவும். டேப்புன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டுக்காவ, இந்தக் காலத்துலயா டேப்பு, பாட்டு கேக்க கேசட்டான்னு எங்க ஆஸ்பத்திரி கேண்டீன்காரரு போன வாரம் சிரிக்காரு. ஆமாய்யா, கேசட்டுதான், ஆனா ஊரு சனத்தோட நெஞ்சு, மூளை, மூட்டு எல்லாத்தையும் வருசக்கணக்குல சுருட்டி வச்சிருக்கிற கேசட்டு. மூணு வருசத்துக்கு உள்ள படம்னா டிஸ்க்ல இருக்கும், டாக்டர் நோயாளி பேர அடிச்ச ஒடனே வந்து நிக்கும். அதுக்கு முந்தினதுன்னா டேப்ப தேடணும், டேப்ப தேடணும்னா ஹெப்சிபாவ தேடணும், ஹெப்சிபா நான்தான், தூத்துக்குடி பூராவும் தேடுனாலும் இந்த எழவெடுத்த வேலையில இம்புட்டு சந்தோசப்படுற கிறுக்கி வேற ஒருத்தி கெடைக்க மாட்டா. இதுக்கு ரெண்டாவது நகல் இருந்துது, வெள்ளம் வந்தப்ப கீழ்த்தளத்து பீரோவோட ஊறிப்போச்சு. இருக்கிறது இது ஒண்ணுதான். நாப்பது. போ ராசா, போ.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சுல சந்தியாகு அண்ணனும் சலேத்தக்காவும் உக்காந்திருக்காவ. வார்டுல படுங்கன்னா கேக்கல, படம் வார எடத்துலதான் இருப்பேன்னுட்டு பச்ச கவுனோட வந்து உக்காந்துட்டாரு மனுசன். நர்சு ஒருத்தி ரெண்டு தடவ வந்து கெஞ்சிட்டுப் போயிட்டா. சங்கு குளிக்கிறவரு. நாப்பத்தேழு வயசுலயும் தோளப் பாத்தா கதவு மாதிரி இருக்கு. ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு நாளு ஆழத்துல இருந்து அவசரமா மேல வந்து நெஞ்ச புடிச்சுக்கிட்டு படகுல விழுந்திருக்காரு, அப்ப எடுத்ததுதான் அந்த ஸ்கேன். அன்னைக்கு ஒண்ணும் இல்ல, ரெண்டு நாளு படுத்திருந்துட்டுப் போங்கன்னு அனுப்பிட்டாவ. இப்ப இருமல்னு வந்தாரு, வலது நுரையீரல்ல கீழ ஒரு முடிச்சு. பதினாலு மில்லிமீட்டர். ஊசி போட்டு எடுத்துப் பாக்கவும் தோதில்லாத மூலையில போயி உக்காந்திருக்கு சனியன். டாக்டர் கோமதிநாயகம் தெளிவா சொல்லிட்டாரு: இதே முடிச்சு இதே அளவுல அன்னைக்கும் இருந்திருந்தா அது பழைய தழும்பு, தொட வேண்டாம், நீரு வீட்டுக்குப் போவலாம். அன்னைக்கு இல்லன்னா இது புதுசு, நுரையீரல்ல அந்தப் பகுதிய வெட்டி எடுத்துருவேன், அதுக்கப்புறம் கடலுக்குள்ள முங்குறது கெடையாது. பழைய படம் கெடைக்கலன்னாலும் வெட்டத்தான் செய்வீங்களான்னு சலேத்தக்கா கேட்டாவ. அதுக்கு டாக்டர் திரும்பி என்னத்தான் பாத்தாரு. என்ன ஏன் பாக்காரு? நான் என்ன கர்த்தரா? சந்தியாகு அண்ணன் நேத்து இந்தக் கதவுல நின்னுக்கிட்டு, மேடம், நாலு நிமிசம் மூச்சு புடிப்பேன், இப்ப ரெண்டரைதான் வருதுன்னாரு, ஏதோ கடையில பாலு கொறைச்சுக் குடுத்துட்டாம்ங்கிற மாதிரி. நானும் வீட்டுக்குப் போயி மூச்சு புடிச்சுப் பாத்தேன். முப்பத்தெட்டு செகண்டு. எம்மா! அதுக்கே கண்ணு பிதுங்கிருச்சு, எங்க வீட்டுக்காரரு செல்வின் என்னட்டி பண்ணுதன்னு பயந்துட்டாரு. நாப்பத்தாறு. நல்லாத்தான் ஓடுது.

நேத்தும் நல்லாத்தான் ஓடுச்சு. அறுபத்தொண்ணு வரைக்கும். அறுபத்தொண்ணுல சடார்னு நின்னு, ஒரு நிமிசம் முழிச்சுட்டு, எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டு டேப்ப முழுசா பின்னால சுத்தி வெளிய துப்பிருச்சு. டேப்பு ஓரம் தேஞ்சிருக்கு, சீக்கிரம் நகல் எடுத்துக்கோன்னு டேப்ப ஓட்டுற டிரைவ் ஒரு எச்சரிக்கை வேற. இன்னைக்கு உள்ள தள்ளும்போது மூணு தடவ முரண்டு புடிச்சுது, நாலாவதுலதான் கவ்வுச்சு. இன்னொரு தடவ வெளிய வந்தா திரும்ப உள்ள போவும்னு எந்த தைரியத்துல சொல்ல? ஆனா கோளாறு டேப்புல இல்ல, அத ராத்திரி படுத்துக்கிட்டே கண்டுபுடிச்சேன், துள்ளி எழுந்திரிச்சேன். கோளாறு வழியில. டிரைவ் அடுத்த ரூம்ல இருக்கு, சர்வர் இங்க இருக்கு, நடுவுல ஒளிக் கேபிளு, ஒரு ஸ்விட்சு. கடக்கரை ஊருல உப்புக் காத்து எதைத்தான் விட்டுச்சு, கேபிள் மூக்குல உப்பு பூத்திருக்கு. தொடச்சேன், என்னால முடிஞ்சது அவ்வளவுதான், புதுக் கேபிள் சென்னையில இருந்து நாளைக்குத்தான் வருது. டேப்புல உள்ளது துண்டு துண்டாத்தான் வரும், பத்தாயிரத்துல ஒரு துண்டு வழியில தவறுது. டிஸ்க்குன்னா ஒண்ணுமே இல்ல, நூத்தியெட்டாவது பக்கத்தக் குடுன்னு கேக்கோம், வரலியா, நூத்தியெட்டக் குடுன்னு திரும்பக் கேக்கோம், அது நூத்தியெட்டத்தான் தரும். டேப்புக்கிட்ட அப்படி நம்பர் சொல்லிக் கேக்குற பழக்கம் கெடையாது. அடுத்தது குடு. அடுத்தது குடு. அவ்வளவுதான். பந்தியில சாம்பார் வாளியோட போறவன் மாதிரி, நமக்கு ஊத்துனது கீழ சிந்திருச்சுன்னு தெரியாம அவன் அடுத்த எலைக்குப் போயிருவான், அந்தாள திரும்பக் கூப்புட்டு ஊத்துன்னா அவன் நிக்கிற எலையிலதான் ஊத்துவான். அப்ப நடுவுல ஒரு துண்டு போயிரும். போனதும் தெரியாது.

தெரியாது. அதான கொடுமை. இந்தத் தப்ப பண்ணுனவ நான், யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். பழைய கம்பெனியில, கப்பல் ஏஜென்சி அது, டிஸ்க்குக்கு வைக்கிற மாதிரியே டேப்புக்கும் அஞ்சு தடவ திரும்ப முயற்சி பண்ணுன்னு போட்டு வச்சேன், பெரிய புத்திசாலின்னு நெனப்பு. எட்டு மாசம் தெனமும் எல்லாம் சரின்னு பச்ச டிக்கு விழுந்துச்சு. நான் காப்பி குடிச்சிக்கிட்டு அந்த டிக்கப் பாத்து சிரிச்சிருக்கேன். ஒரு நாளு நெசமாவே வேணும்னு தொறந்தா பதினோரு டேப்புலயும் அங்கங்க ஓட்ட. துண்டு ரெண்டு தடவ எழுதியிருக்கு, துண்டு விட்டுப்போயிருக்கு. மானேஜர் திட்டல. சரி விடும்மான்னாரு. அந்தச் சரி விடும்மாவ நெனச்சா இப்பவும் காது சூடாவுது. செருப்பால அடிச்சிருந்தாக்கூட மறந்திருப்பேன். அதுக்கப்புறம்தான் சர்வரும் டிரைவும் எப்படிப் பேசிக்கிடணும்ங்கிற விதிமுறையப் படிச்சேன், நானூறு பக்கம், புளியோதரை தின்னுக்கிட்டே படிச்சேன், அதுக்குள்ள டேப்புக்குன்னே ஒரு வழி வச்சிருக்கான் பாருங்க, அந்தப் பக்கத்துல வந்தப்ப எனக்கு புல்லரிச்சுப் போச்சு. பதில் வரலன்னா திரும்பச் செய்யாத. முதல்ல கேளு. நான் சொன்ன வேலை உங்கிட்ட எந்த நெலமையில இருக்குன்னு கேளு. அது என்ன சொல்லுதோ அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கோ. ஏ அப்பா! இத எழுதுனவன் வீட்டுல பொண்டாட்டி புருசன் சண்டையே வந்திருக்காது. நான் செல்வின்கிட்ட கேஸ் புக் பண்ணுங்கன்னு சொன்னா அந்த மனுசன் ம் கொட்ட மாட்டாரு, நான் திரும்பச் சொல்லுவேன், மூணாவது தடவ கத்துவேன், கடைசில பாத்தா ரெண்டு சிலிண்டர் வந்து நிக்கும். அம்பத்தெட்டு! பேச்சுவாக்குல அம்பத்தெட்டு வந்துருச்சு. அந்த வழிக்கு ரெண்டு பக்கமும் சம்மதிக்கணும், சர்வர் பக்கத்துல அந்த செட்டிங்க யாரும் போட மாட்டாவ, வரும்போதே அணைச்சுத்தான் வரும். காலையில எட்டு மணிக்கு நான் போட்டேன். டிரைவும் எனக்கும் சம்மதம்னு ஒரு பிட்டு, சைபரா இருந்தத ஒண்ணுன்னு மாத்திக் காட்டுச்சு. ஒரே ஒரு பிட்டு. அது நெசமாவே செய்யுமா, இல்ல கல்யாண வீட்டுல வாரேன் வாரேன்னு சொல்லிட்டு வராம இருக்கிற சொந்தக்காரன் கணக்கான்னு இன்னும் தெரியல.

அறுபது. அறுபத்தொண்ணு. நில்லாத, நில்லாத, நில்லாத. நின்னுட்டு. பாவி, அதே எடம், அதே அறுபத்தொண்ணு, இல்ல, அதே எடமா இருக்க முடியாது, கேபிள்ல தவறுறதுக்கு எடமா காலமா, தற்செயலு, எனக்குத்தான் நேத்து பயம் இன்னைக்கும் வருது. லாக்ல, அதான் சர்வர் எழுதுற நடப்புக் குறிப்புல, ஒரு வரி: பதில் வரல. மூணு செகண்டு பொறுக்கணும். மூணு செகண்டு கழிச்சுத்தான் சர்வர் கேக்கும், அதுக்கு முந்தி கேட்டா மரியாதை இல்ல, டிரைவுக்கும் யோசிக்க நேரம் வேணும்ல. போன்ல சென்னையில இருந்து முகுந்தன், டேப் கம்பெனி சப்போர்ட்டு, நல்ல புள்ளதான், ஆனா அவசரக் குடுக்கை, மேடம் ஸ்டக் ஆயிடுச்சு பாருங்க, கேன்சல் குடுத்துட்டு மறுபடி போட்டுடுங்க, அப்படிங்கான். கை வைக்க மாட்டேன். மேடம், ஹேங் ஆயிருக்கு. ஹேங் ஆவல முகுந்தன், கேக்கப் போவுது. யாரு கேக்கப் போறது? சும்மா இருங்க. ஒண்ணு. ரெண்டு. கேன்சல் பட்டன் செவப்பா கண்ணு முன்னாடி நிக்கி, என் வெரலு தானா அந்தப் பக்கம் போவுது, இருவது வருசத்துப் பழக்கம், எது நின்னாலும் அமுக்கு, லிப்டு பட்டனையே நாலு தடவ அமுக்குறவ நான். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துட்டேன். மூணு. கேட்டுருச்சு! லாக்ல வரி விழுந்துட்டு, எங்க இருக்க, என்ன ஆச்சு. பதில் இல்ல. ஏன் பதில் இல்ல? ஐயோ, அந்தக் கேள்வியும் அதே கேபிள்லதான போவணும், கேள்வியே தவறிப்போச்சோ, இல்ல டிரைவுக்கு அந்தப் பேச்சே தெரியாதோ, பிட்டு பொய்யோ, அப்ப இன்னும் கொஞ்ச நேரத்துல சர்வர் கையக் கழுவிட்டு ரத்துன்னு அடிச்சுரும், டேப்பு சுத்தும், வெளிய வரும், பெஞ்சுல அந்த மனுசன் பச்ச கவுனோட எழுந்திரிப்பாரு. மேடம் ப்ளீஸ், நான் சொல்றதக் கேளுங்க. முகுந்தன், வாய மூடுறியளா கொஞ்சம்! கத்திட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சலேத்தக்கா திரும்பிப் பாக்காவ. நான் அவியளப் பாத்து தலையாட்டுதேன், எதுக்கு ஆட்டுதேன்னு எனக்கே தெரியல. நான் மூச்சு விடல. எப்ப இருந்து விடலன்னும் தெரியல. ரெண்டாவது தடவ கேக்குது. எங்க இருக்க?

வந்துட்டு. ஏசுவே, வந்துட்டு, பதில் வந்துட்டு! என்ன சொல்லுது பாருங்க: நான் முழுசா அனுப்பிட்டேன், வாங்கிட்டேன்னு நீ சொல்லல, அதனால கையிலயே வச்சிருக்கேன். கையிலயே வச்சிருக்கேன்! என் கண்ணு, என் தங்கம், நீ எந்த ஃபேக்டரியில பொறந்தியோ நல்லா இருப்ப. வாங்கிட்டேன்ங்கிற பேச்சு வராம அது அந்தத் துண்ட கீழ போடவே இல்ல, அடுத்த எலைக்கும் போவல, வாளியப் புடிச்சுக்கிட்டு அங்கயே நின்னிருக்கு. இப்ப சர்வர் சொல்லுது, அப்ப அத மட்டும் திரும்ப அனுப்பு. அனுப்பிட்டு. டேப்பு ஒரு இஞ்சு பின்னால போவல, மோட்டார் சத்தம் மாறல, தேஞ்ச ஓரத்துக்கு ஒரு உரசல் இல்ல, மெமரியில இருந்தத அப்படியே எடுத்து நீட்டிருச்சு, அறுபத்திரெண்டு! அறுபத்திரெண்டு, அறுபத்திமூணு. மேடம், என்ன பண்ணீங்க? ஒண்ணும் பண்ணலய்யா முகுந்தன், அதான் பண்ணுனேன்! அவனுக்கு வெளங்கல, எனக்கு சிரிப்பு தாங்கல, தனியா ஒரு ரூம்ல உக்காந்து மிஷினோட சிரிக்கேன். எழுவத்தி நாலுல இன்னொரு தடவ தவறுச்சு, கேட்டுச்சு, வாங்குச்சு, ஒரே மூச்சுல. எம்பத்தொம்பதுல ஒண்ணு. எனக்கு இப்ப பயமே இல்ல, தவறட்டும், எத்தன தடவ வேணும்னாலும் தவறட்டும், அந்தத் தவறுறதப் பாக்கவே ஆசையா இருக்கு. அந்த பதினோரு டேப்பு, அந்த மானேஜரு, சரி விடும்மா, எல்லாம் போயி கடல்ல விழட்டும். தொண்ணூத்தி ஆறு. தொண்ணூத்தி எட்டு. நூறு. சரிபார்ப்பு எண்ணு ஒத்துப்போவுது, ஒரு துளி கொறையல. சந்தியாகு அண்ணனோட ஸ்கேன் இருநூத்திப் பன்னெண்டு படம், இருநூத்திப் பன்னெண்டும் இருக்கு, அறுபத்தொண்ணுல தவறிட்டு வந்த துண்டு எதுன்னு பாத்தேன், அவரோடதேதான், தொண்ணூத்தேழாவது படத்துல இருந்து நூத்திப்பதினெட்டு வரைக்கும். எம்மா, அவரோடதையே புடிச்சு இழுத்துட்டு வந்திருக்கேன்! மணி பதினொண்ணு முப்பத்தொண்ணு. கதவத் தள்ளிக்கிட்டு ஓடுனேன், ஸ்வெட்டர் கைப்புடியில மாட்டுச்சு, உருவிட்டு ஓடுனேன். சலேத்தக்கா எழுந்திரிச்சாவ. நான் அவியளக் கட்டிப்புடிச்சுட்டேன். கெடைச்சிட்டுக்கா, முழுசா கெடைச்சிட்டுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுதேன், குதிக்கேன், நாப்பத்திரெண்டு வயசுல ஆஸ்பத்திரி வராந்தாவுல குதிக்கேன். அவிய என் மொகத்தப் பாத்துட்டு ஓன்னு அழுதாவ, அழுதுக்கிட்டே சிரிச்சாவ, போன எடுத்து மவளுக்கு அடிச்சாவ. நான் டாக்டர் ரூமுக்கு ஓடிட்டேன்.

டாக்டர் கோமதிநாயகம் ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு. இடது பக்கம் இன்னைக்கு, வலது பக்கம் ஆறு வருசத்துக்கு முந்தி. நான் அவரு முதுகுக்குப் பின்னால நின்னு இன்னும் மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கேன். எம்பது, தொண்ணூறு, நூறுன்னு உருட்டுதாரு. நூத்தியெட்டுல நிறுத்துனாரு. இடது பக்கத்துல முடிச்சு வெள்ளையா இருக்கு. வலது பக்கத்துல ஒண்ணும் இல்ல. முன்னால ஒரு படம், பின்னால ஒரு படம், திரும்ப முன்னால. ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்கு. அம்மா, நடுவுல படம் எதுவும் விட்டுப்போவலல்லன்னு கேட்டாரு. விடல டாக்டர்னேன். டாக்டர் திரையப் பாத்துக்கிட்டே, இந்த எடத்துல மட்டும் நாலு படம் இல்லாம இருந்திருந்தா எனக்கு சந்தேகம் வந்திருக்கும், பழசாத்தான் இருக்கும்னு அந்த மனுசன் கெஞ்சியிருப்பாரு, மூணு மாசம் பொறுத்துப் பாப்போம்னு அனுப்பியிருப்பேன், அதுக்குள்ள எங்கயாவது பரவியிருக்கும், அப்படின்னாரு. நல்ல வேலை பண்ணுனம்மான்னாரு. நல்ல வேலை. தொண்ணூத்தேழுல இருந்து நூத்திப்பதினெட்டு வரைக்கும். அந்தத் துண்டு.

டாக்டரே வந்து சொன்னாரு, பெஞ்சுக்கு முன்னால குனிஞ்சு, மெதுவா. சந்தியாகு அண்ணன் கேட்டுக்கிட்டாரு. ரெண்டு கையையும் முட்டியில வச்சுக்கிட்டு தரையப் பாத்தாரு, அப்புறம் சரி டாக்டரே, தெரியாம அறுக்கதுக்கு தெரிஞ்சு அறுங்கன்னாரு. என்னப் பாத்து தலைய அசைச்சாரு, கோவம் இல்ல, நன்றி மாதிரிகூட இருந்துச்சு, அத வாங்கிக்கிட எனக்கு மொகம் இல்ல. நர்சு சக்கர நாற்காலியக் கொண்டு வந்தா, அவரு வேண்டாம்னு நடந்தே போனாரு. சலேத்தக்கா நின்ன எடத்துலயே நிக்காவ. கையில போனு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, வெட்டல. நான் பக்கத்துல போனேன். நீங்க சிரிச்சுக்கிட்டுல்ல வந்திய, அப்படின்னாவ. ஆமாக்கா, சிரிச்சேன்னேன். வேற என்ன சொல்ல, எதுக்குச் சிரிச்சேன்னு எந்த வாயால சொல்ல? அவிய என்னத் திட்டல, அழவும் இல்ல, போன என் கையில வச்சாவ. மவ ஜெனிட்டா, நாசரேத்துல ஆஸ்டல்ல படிக்கா, நீங்களே சொல்லுங்கன்னாவ, சொல்லிட்டு புருசன் பின்னால போயிட்டாவ. போன காதுல வச்சேன். அந்தப் பக்கம் நாலஞ்சு பொட்டப்புள்ளைக கெக்கெக்கேன்னு சத்தம் போடுதுக, யாரோ கை தட்டுதா, அதுக்கு நடுவுல அந்தப் புள்ள, எம்மா, கேக்குதா, எல்லாத்துக்கும் மிட்டாய் வாங்கிக் குடுக்கப் போறேன், அப்பாகிட்ட குடு, அப்பாகிட்ட போனக் குடும்மாங்கா. நான் அம்மா இல்ல மக்கா, ஆஸ்பத்திரியில இருந்து பேசுதேன், கொஞ்சம் அந்தச் சத்தத்துல இருந்து தள்ளி வாறியான்னு சொன்னேன்.